கண்ணுக்கு ஒரு நியாயம், காதுக்கு ஒரு நியாயம்

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குக் கண்ணைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. உசிலம்பட்டி போனாலும் மேலூர் போனாலும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுப் பாட்டி, "வலக்கண்ணில் லென்ஸ் வைத்தாகிவிட்டது, இடக்கண்ணில் புரை இன்னும் முற்றவில்லை" என்று விவரமாகச் சொல்வார். சொட்டு மருந்து எத்தனை நாள், தலைக்கு எப்போது ஊற்றலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முகாமுக்கு யார் வீட்டு வாசலில் வண்டி நிற்கும் என்பது ஊருக்கே தெரியும்.

அதே பாட்டிக்குக் காது மந்தமானால் கதை வேறு. ஒன்று கேட்டால் ஒன்று சொல்கிறார் என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். கல்யாணப் பேச்சில் அவரை ஓரமாக உட்காரவைப்பார்கள். "வயசாகிவிட்டது, அப்படித்தான்" என்பதோடு விஷயம் முடிந்துவிடும். கண் போனால் பரிதாபம், காது போனால் பரிகாசம் என்று இந்த ஊரில் எழுதப்படாத ஒரு சட்டம் இருக்கிறது.

நான் செவிலியர் கல்லூரியில் உடற்கூறியலும் உடலியங்கியலும் நடத்துகிறேன். சிறப்புப் புலன்கள் என்ற பாடத்தில் கண்ணுக்கு வகுப்புகள் தாராளமாகக் கிடைக்கும். காதுக்கு வரும்போது தேர்வு நெருங்கியிருக்கும். உடலின் அமைப்பைப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். முதுமையில் கண்ணை மங்கச் செய்யும் முதன்மையான கோளாறு, மாற்றக்கூடிய பாகத்தில் வருகிறது. காதை மந்தமாக்கும் முதன்மையான கோளாறோ மாற்றவே முடியாத பாகத்தில் வருகிறது. போனால் திரும்பாத காதைத்தான் நாம் அசட்டை செய்கிறோம்.

முதலில் கண். ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை முன்புறம் இருக்கும் கார்னியா செய்கிறது. மிச்சத்தை அதன் பின்னால் இருக்கும் லென்ஸ் செய்கிறது. லென்ஸுக்கு இரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதன் நடுப்பகுதியில் உள்ள புரதங்கள் நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது உண்டானவை. அதன் பிறகு அவை புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஐம்பது அறுபது ஆண்டுகளில் அவை திரண்டு வெளுக்கும்போது அதைப் புரை என்கிறோம். ஒளி போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. ஒளியை உணரும் விழித்திரை பின்னால் நலமாகவே இருக்கிறது. ஆகவே பழைய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸை வைத்தால் போதும். 1949-ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதன்முதலாக இதைச் செய்துகாட்டினார்.

மதுரை அதைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுபோனது. பணி ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தவர், 1976-ல் இங்கே 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இறக்குமதி லென்ஸின் விலை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாமல் இருந்தபோது, 1992-ல் ஆரோலேப் என்ற நிறுவனம் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தது. விலை ஒரு சிறு பங்காகக் குறைந்தது. கட்டு அவிழ்த்ததும் பாட்டி எதிரில் நிற்கும் மகளின் முகத்தைப் பார்த்துவிடுகிறார். அந்த அதிசயம் கண்ணெதிரே நடந்ததால்தான் ஊர் கண்ணை மதிக்கக் கற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன்.

விழித்திரைக்கு அந்த வசதி கிடையாது. அதில் சுமார் 12 கோடி கோல் செல்களும் 60 லட்சம் கூம்புச் செல்களும் இருக்கின்றன. சர்க்கரை நோயாலோ வேறு எதனாலோ அவை செத்துவிட்டால், லென்ஸை மாற்றுவது போல மாற்றுவதற்கு வழியில்லை. கடத்தும் பாகம், உணரும் பாகம் என்ற இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் காது எளிதாகப் புரியும்.

காதில் கடத்தும் பாகம் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள செவிக்குழலில் தொடங்குகிறது. அதன் முடிவில் செவிப்பறை; அதற்கு அப்பால் காற்று நிறைந்த சிறு அறையில் சுத்தி, பட்டை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. மூன்று எலும்புகள் எதற்கு, செவிப்பறையே நேராக உட்செவியை அசைக்கக் கூடாதா என்று மாணவிகள் கேட்பார்கள். உட்செவிக்குள் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நீரின் மேல் விழுந்தால் அதன் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே புகும். மிச்சம் பட்டுத் திரும்பிவிடும். கிணற்றில் முங்கிக் குளித்தவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். மேட்டில் நின்று அம்மா தொண்டை கிழியக் கத்தினாலும் நீருக்குள் ஒன்றும் கேட்காது. நீருக்குள்ளேயே கூட்டாளி இரண்டு கல்லைத் தட்டினால் காதுக்குப் பக்கத்தில் தட்டியது போலக் கேட்கும். காற்றுக்கும் நீருக்கும் நடுவே உள்ள இந்தத் தடையைத் தாண்டத்தான் அந்த எலும்புகள். செவிப்பறையின் அதிரும் பரப்பு, அங்கவடி பொருந்தியிருக்கும் நீள்வட்டச் சன்னலைப் போல ஏறத்தாழ 17 மடங்கு. பெரிய பரப்பில் வாங்கிய விசையைச் சிறிய பரப்பில் இறக்குவதாலும், எலும்புகளின் நெம்புகோல் அமைப்பாலும் அழுத்தம் சுமார் 22 மடங்காகிறது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பிக்குள் பஞ்சின் மேல் அங்கவடி எலும்பு ஒன்று இருக்கிறது. மனித உடலின் மிகச் சிறிய எலும்பு. உயரம் 3 மில்லிமீட்டர் சொச்சம். இடுக்கியால் எடுத்துச் சுண்டுவிரல் நகத்தின் மேல் வைத்தால் நகத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். மெல்லிய இரண்டு கால்கள், அவற்றைத் தாங்கும் நீள்வட்டத் தட்டு, நடுவே வெளிச்சம் தெரியும் துளை. ஒரு கால் மற்றதைவிடச் சற்று வளைந்திருக்கும். மூச்சுக் காற்றில் பறந்துவிடக் கூடாது என்று பிள்ளைகள் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்ப்பார்கள். எத்தனை முறை காட்டினாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒருவர் காது வழியாக அறிந்துகொண்ட தாலாட்டும் வசவும் பாடமும் பெரும்பாலும் இப்படியொரு துண்டைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கின்றன.

இதுவரை சொன்ன பாகத்தில் வரும் கோளாறுகளுக்குப் பெரும்பாலும் வழி இருக்கிறது. குறும்பி அடைத்தால் மருத்துவர் எடுத்துவிடுவார். செவிப்பறை கிழிந்தால் ஒட்டலாம். அங்கவடி இறுகிப்போனால் செயற்கைத் துண்டு வைக்கலாம். சீழ் வடிந்தால் மருந்து இருக்கிறது. சீழ் வடியும் காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதை மட்டும் நம் வீடுகள் நிறுத்தியாக வேண்டும். கிழிந்த செவிப்பறை வழியாக அந்த எண்ணெய் போகிற இடம் நடுச்செவி; அங்கே அதற்கு எந்த வேலையும் இல்லை. கோழி இறகும் ஊக்கும் பட்ஸும்கூட வேண்டாம். செவிக்குழலின் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்ந்து குறும்பியைத் தானாகவே கொண்டுவந்து தள்ளும். நாம் உள்ளே விடும் எதுவும் அதை எதிர்த்திசையில்தான் தள்ளுகிறது.

இனி உணரும் பாகம். அங்கவடியின் தட்டுக்கு அந்தப் பக்கம், மண்டையோட்டின் மிகக் கடினமான எலும்புக்குள், இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்ளியா இருக்கிறது. முழுதும் ஒரு பட்டாணி அளவுதான். சுருளை நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் வரும். அதன் நீளத்துக்கு ஓடும் மெல்லிய சவ்வு, வாசலில் குறுகி விறைப்பாகவும் உள்நுனியில் அகன்று தளர்வாகவும் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் மேளம் வாசிக்கும்போது தவிலின் தொப்பி எனும் பக்கத்தில் குச்சி விழுந்து எழும் கனத்த ஒலி, சுருளின் உள்நுனிக்கு அருகே சவ்வை அதிகமாக அசைக்கும். மறுபக்கமான வலந்தலையின் கூரிய ஒலி வாசலுக்கு அருகிலேயே அசைத்துவிட்டு அடங்கும். எந்த இடம் அசைந்தது என்பதைக் கொண்டுதான் மூளை ஒலியின் உயரத்தைப் பெரும்பாலும் அறிகிறது. கியார்க் வான் பெக்கசி இதை இறந்தவர்களின் காதுகளில் நுண்ணோக்கியால் பார்த்துச் சொன்னார். 1961-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சவ்வின் மேல் மயிர்ச் செல்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. உள்வரிசை ஒன்று, அதில் ஏறத்தாழ 3,500. வெளிவரிசை மூன்று, அவற்றில் ஏறத்தாழ 12,000. ஒவ்வொரு செல்லின் உச்சியிலும் படிப்படியாக உயரம் கூடும் நுண்மயிர்கள். அவற்றை நுனியோடு நுனி இணைக்கும் இழைகள் இழுபடும்போது செல்லின் நுண்வாசல் திறந்து பொட்டாசியம் உள்ளே பாயும். அந்த மின்மாற்றமே ஒலியாக நரம்பில் ஏறுகிறது. உள்வரிசைச் செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வெளிவரிசைச் செல்கள் செய்யும் வேலை விநோதமானது. அவை ஒலியின் தாளத்துக்கு நீண்டும் சுருங்கியும் சவ்வின் அசைவைப் பெருக்குகின்றன. கிசுகிசுப்பு நமக்குக் கேட்பதே அவற்றால்தான். அவற்றின் அசைவால் காதிலிருந்தே மிக மெல்லிய ஒலி வெளியே வருகிறது என்பதை 1978-ல் டேவிட் கெம்ப் அளந்து காட்டினார். பிறந்த குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து, தூங்கும்போதே கேட்கும் திறனைச் சோதிக்கிறோமே, அது இந்த ஒலியைத்தான் தேடுகிறது. குழந்தை அழ வேண்டாம், திரும்பிப் பார்க்க வேண்டாம். சில நிமிட வேலை. நம் பகுதியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தச் சோதனை நடந்தாக வேண்டும் என்பது என் ஆசை மட்டுமல்ல, பிடிவாதம்.

இந்தப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் செல்களும் கருவில் ஐந்தாம் மாதத்துக்குள் உண்டாகிவிடுகின்றன. ஏழாம் மாதம் வளைகாப்பில் தாயின் கையில் வளையல் குலுங்கும்போது குழந்தையின் காது அதைக் கேட்கத் தயாராக இருக்கும். அதன் பிறகு புதிதாக ஒரு செல்கூட முளைக்காது. வாழ்நாள் முழுவதற்கும் முதல் அவ்வளவுதான்.

மூக்கையும் நாக்கையும் இதோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் நாள் முழுவதும் மல்லிகைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவருக்குச் சிறிது நேரத்தில் மணமே தெரியாமல் போகும். வெளியே ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி தெரியும். அது வெறும் பழக்கம், சேதம் இல்லை. மூக்கின் மேற்கூரையில் இருக்கும் மண நரம்புச் செல்கள் தூசியும் புகையும் பட்டுச் செத்தாலும், சில வாரங்களிலிருந்து ஓரிரு மாதங்களுக்குள் புதியவை வந்துகொண்டே இருக்கின்றன. கொரோனாவில் மணம் இழந்த பலருக்கு அது திரும்பிவந்ததில் மூக்கின் இந்தப் புதுப்பிக்கும் திறனுக்கும் பங்கு உண்டு. நாக்கின் சுவைச் செல்களோ ஏறத்தாழ பத்து நாட்களுக்கு ஒருமுறை மாறுகின்றன. சூடான காபியில் சுட்டுக்கொண்ட நாக்கு அடுத்த வாரம் சரியாகிவிடும். கோழிக்கும் குருவிக்கும்கூடக் காதின் மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி வளர்கின்றன. மனிதக் காதுக்கு அந்த வரம் கிடைக்கவில்லை.

செல்லூரில் விசைத்தறி ஓட்டிய என் பெரியப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும், தறிச்சத்தம் காதில் விழுவதற்கு முன் காலில் அதிரும். நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடா பாய்ந்து அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஒரு வெடிப்பு. நாலு தறி ஓடும் கூடத்துக்குள் இரண்டடி தள்ளி நிற்பவரிடம் பேச வேண்டுமானால் காதில் வாய் வைத்துக் கத்த வேண்டும். ஒலியின் வலிமையை டெசிபலில் அளப்பார்கள்; இப்படிப்பட்ட இடங்களில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை போகலாம் என்கின்றன. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 85 என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான் நிற்கலாம். பெரியப்பா இளவயதிலிருந்து முடி நரைக்கும் வரை நாள் முழுவதும் நின்றார்.

இரைச்சல் நுண்மயிர்களைச் சாய்க்கிறது. ஐப்பசி மழையில் சாய்ந்த நெற்பயிரில் சில மறுநாள் வெயிலில் நிமிரும், சில நீரிலேயே கிடந்து அழுகும் அல்லவா? காதிலும் அப்படித்தான். திருவிழா முடிந்து வந்த இரவு காது அடைத்தது போல இருந்து காலையில் தெளிவது நிமிர்ந்த பயிர். ஆனால் தெளிந்துவிட்டது என்று நிம்மதி அடைவதற்கும் இல்லை. 2009-ல் ஷரோன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், கேள்வித்திறன் பழையபடி திரும்பிய காதுகளிலும் மயிர்ச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் ஏறத்தாழ பாதி நிரந்தரமாக அறுந்திருந்ததைக் கண்டார்கள். சோதனையில் காது நன்றாக இருக்கும். கூட்டத்தில் பேச்சு மட்டும் பிடிபடாது. இதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெரியப்பாவுக்கு எடுத்த ஆடியோகிராம் தாளை, அதாவது எந்த உயரத்து ஒலி எவ்வளவு கேட்கிறது என்று கோடாகக் காட்டும் தாளை, நான் வைத்திருக்கிறேன். நொடிக்கு 1000 அதிர்வு, அதாவது 1000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு சமமாக வரும் கோடு, 2000-ல் சரியத் தொடங்கி 4000-ல் பள்ளத்தில் விழுகிறது. 8000-ல் கொஞ்சம் மேலே ஏறுகிறது. இரைச்சலால் கெட்ட காதின் கையெழுத்து அது. செவிக்குழலின் நீளம் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயல்பாகவே பெருக்கிவிடுவதால் அடி முதலில் அந்த வட்டாரத்தில் விழுகிறது. பேச்சுக்கு அது என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக இருப்பவை, அவை தப்பித்துவிடும். க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய வெடிப்பும் சீறலும் உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பவை, அவை போய்விடும். கட்டு, தட்டு, பட்டு எல்லாம் ஒரே சொல்லாக வந்து விழும். "தட்டு எடுத்து வைக்கவா?" என்று பெரியம்மா கேட்டால், "பட்டு யாருக்கு?" என்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். "கேட்கிறது தாயி, என்ன என்றுதான் விளங்கவில்லை" என்று என்னிடம் சொல்வார். ஒலியியல் பாடம் முழுவதையும் அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

விளங்கவில்லை என்கிறாரே என்று நாம் சத்தமாகச் சொன்னால், "ஏன் இப்படிக் கத்துகிறாய்?" என்று முகம் சுளிப்பார். இதை வீம்பு என்று நினைப்பவர்கள் அதிகம். வெளிவரிசைச் செல்கள் போன காதில் மெல்லிய ஒலி கேட்காது; ஒலி கொஞ்சம் கூடியதும் திடீரென்று பலமாக அறையும். கேட்கும் எல்லைக்கும் வலிக்கும் எல்லைக்கும் இடையே இருக்கும் இடம் குறுகிவிடுகிறது. கத்துவதால் உயிரொலிதான் பெருக்கிறது, தொலைந்த மெய்யொலி திரும்புவதில்லை. எதிரில் உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி, நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருமுறை பிடிபடாத சொல்லை நாலு முறை திருப்பிச் சொல்வதைவிட வேறு சொல்லால் சொல்வது நல்லது. இரவில் காதுக்குள் இரைகிறது என்றும் பெரியப்பா சொல்வார். தறி நின்று பல ஆண்டுகளாகியும் காதில் நிற்கவில்லை.

தறிக்கூடத்துக்குப் போகாதவர்களின் காதும் நம் ஊரில் பத்திரமாக இல்லை. சித்திரைத் திருவிழாவை நான் உயிராக நேசிக்கிறேன். வைகைக்கரைக் கூட்டத்தில் நிற்காத ஆண்டு எனக்குக் குறைபட்ட ஆண்டு. ஆனால் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புனல் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நிற்கும் தாயைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று சொல்கின்றன. காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் தெரு முழுக்கக் கட்டும் பெட்டிகள் எந்த விதியையும் படித்தவை அல்ல. வெடிக்கு நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்ற வரம்பு இருக்கிறது. சிறுவர்கள் நாலு மீட்டர் தள்ளி நின்றா வெடிக்கிறார்கள்? நடுச்செவியில் இரண்டு சிறு தசைகள் உண்டு. பேரொலி வந்தால் எலும்புச் சங்கிலியை இறுக்கிக் காதைக் காக்கும். அவை இறுகுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நேரம் தேவை. வெடிச்சத்தம் அதற்குள் உள்ளே போய்விடும்.

காதின் இன்னொரு பாதியையும் சொல்லாமல் விடக் கூடாது. காக்ளியாவோடு ஒட்டி மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு பைகளும் இருக்கின்றன; உடல் நிலைகுலையாமல் நிற்பதற்கு அவை முக்கியமான ஆதாரம். பைகளுக்குள் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒரு பசைப்படலத்தின் மேல் படிந்திருக்கும். பொருட்காட்சி ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது அடிவயிறு கலங்குவதை முதலில் மூளைக்குச் சொல்வதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. வயதானவர்களில் சிலருக்கு இந்தத் துகள் கழன்று அரைவட்டக் குழலுக்குள் போய்விடும். படுக்கையில் புரண்டால், அண்ணாந்து பரணைப் பார்த்தால், சில நொடிகள் வீடே சுழலும். நம் பக்கத்தில் இதைப் பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுப்பார்கள். சிலர் தலையை ஸ்கேன் எடுக்க ஓடுவார்கள். தலையை வரிசையாக நாலு நிலைகளில் திருப்பித் துகளைப் பைக்குத் திருப்பியனுப்பும் முறையை ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் கண்டுபிடித்தார். தெரிந்தவர் கையில் அது சில நிமிட வேலை, மருந்தே வேண்டாம். தலைசுற்றல் என்று வருபவரிடம் எந்த அசைவில் சுற்றுகிறது என்று கேளுங்கள் என என் மாணவிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

காது கேட்கும் கருவியைப் பற்றிப் பலருக்கு ஏமாற்றம் இருக்கிறது. அந்த ஏமாற்றத்தின் வேர் கண் சிகிச்சையில் இருக்கிறது. கட்டு அவிழ்த்தவுடன் தெரிந்தது போல, கருவி மாட்டியவுடன் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். மாட்டியதும் கேட்பது பாத்திரம் உருளும் சத்தமும் மின்விசிறி இரைச்சலும்தான். ஆண்டுக்கணக்காக அந்த ஒலிகளை மறந்திருந்த மூளைக்கு எதைத் தள்ளுவது, எதை எடுப்பது என்று மறுபடி கற்றுக்கொள்ள வாரங்களும் மாதங்களும் ஆகும். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேச்சு, பிறகு தொலைக்காட்சி, கடைசியில் கூட்டம். இதைச் சொல்லிக்கொடுக்காமல் கருவியை மட்டும் கையில் கொடுத்தால் அது பீரோவுக்குள் போய்விடும். பல வீடுகளில் போய்விட்டது. கேட்கும் திறன் குறைந்ததும் பத்து ஆண்டு தள்ளிப்போடாமல் உடனே கருவி வைப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் எளிதாக வருகிறது. பிறவியிலேயே உட்செவி செயல்படாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் இருக்கிறது. மயிர்ச் செல்களைத் தாண்டி நரம்பையே மின்சாரத்தால் தூண்டும் கருவி அது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு அது கிடைக்கிறது. ஆனால் மொழி கற்கும் வயது கடந்த பிறகு வைத்தால் பயன் வெகுவாகக் குறையும். குறையை முதல் சில மாதங்களிலேயே கண்டுபிடித்தால்தான் எல்லாம்.

பெரியப்பாவின் மகன், எங்கள் அண்ணன், இப்போது அதே கூடத்தில் தறி ஓட்டுகிறார். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். பஞ்சு அடைத்த உணர்வைத் தரும். தறிச்சத்தத்தைப் போதுமான அளவு குறைக்காது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் நுரை அடைப்பான்கள் ஒழுங்காக வைத்தால் நன்றாகவே குறைக்கும். விரல்களால் உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும் வரை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைத்ததில் அர்த்தமில்லை. அண்ணன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறியின் சத்தம் மாறும். அதைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறேன். காதை அடைத்துவிட்டால் வேலை எப்படி ஓடும்?" என்றார். நியாயமான கேள்வி. அடைப்பான் எல்லா ஒலியையும் சேர்த்துக் குறைப்பதால், தறியின் சீரான இரைச்சலுக்கும் மாறிய ஒலிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். நல்ல காதுள்ளவருக்குப் பேரிரைச்சலில் அது தெளிவாகக்கூடக் கேட்கும். உட்செவி திணறாமல் வேலை செய்வதே காரணம். கேட்கும் திறன் ஏற்கெனவே குறைந்தவருக்குத்தான் அது கடினமாகும். ஆகவே இப்போதே தொடங்குங்கள் என்று சொல்லி, தறியருகில் நின்று அவரையே சோதித்துப் பார்க்கச் செய்தேன். ஊடை நூல் சுற்றிய ஒரு தாரில் நூலை வேண்டுமென்றே அறுத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றார். சத்தம் மாறியதும் திரும்பினார். அடுத்த தறிக்காரரும் ஒரு ஜோடி கேட்டு வாங்கிக்கொண்டார்.